கிட்டார் ஹீரோ உருவானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் ஹீரோ விளையாடியதே இல்லை. எப்படி விளையாடுவது?

கையில் ஒரு பிளாஸ்டிக் கிட்டார். கழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பட்டன்கள். கம்பிகளை மீட்டும் இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு சின்னத் தகடு, அதன் பெயர் ஸ்ட்ரம் பார். டிவியில் கிட்டார் கழுத்து போன்ற ஒரு பாதை நம்மை நோக்கி ஓடி வரும். அதன்மேல் வண்ண வண்ணமாக நோட்கள், அதாவது ஸ்வரக் குறிகள் வரும். ஒரு நோட் கீழ்க்கோட்டுக்கு வந்து சேரும்போது அந்த வண்ணப் பட்டனை அழுத்தியபடி ஸ்ட்ரம் பாரைத் தட்ட வேண்டும். தவறாமல் பத்து அடித்தால் மதிப்பெண் இரட்டிப்பாகும், அப்படியே நான்கு மடங்கு வரை ஏறும். நட்சத்திர வடிவ நோட்களை முழுசாக அடித்துச் சேர்த்த சக்தியை, கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கிச் செலவழிக்கலாம். அப்போது நான்கு மடங்கு எட்டாகும்.

கழுத்தைத் தூக்காமல் ஒரு பட்டனை அழுத்தியும் அதைச் செலவழிக்க முடியும். ஆனால் பட்டனை அழுத்துகிறவர்களை நான் பார்த்ததில்லை.

இதை உருவாக்கியவர்கள் யார்?

இரண்டு நிறுவனங்கள். மென்பொருளை எழுதியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஹார்மோனிக்ஸ். கிட்டாரைத் தயாரித்து ஆட்டத்தை வெளியிட்டது கலிஃபோர்னியாவின் ரெட்ஆக்டேன். 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு முதல் ஆட்டம் வந்தது.

ஹார்மோனிக்ஸை 1995-இல் தொடங்கியவர்கள் அலெக்ஸ் ரிகோபுலோஸ், ஈரான் எகோஸி. இருவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) மீடியா லேப் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவர்கள். எகோஸி தேர்ந்த கிளாரினெட் கலைஞரும்கூட. வாத்தியம் கற்க வருடக்கணக்கில் உட்கார முடியாதவர்களுக்கும் வாசிக்கும் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தொடக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டிருந்த எண்ணம். முதலில் ஜாய்ஸ்டிக்கை அசைத்து சோலோ வாசிக்கும் ஒரு கணினி மென்பொருளைச் செய்தார்கள். வாங்க ஆளில்லை. பிறகு பிளேஸ்டேஷன் 2-க்காக 2001-இல் ஃப்ரீக்வென்சி, 2003-இல் ஆம்ப்ளிட்யூட். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், கடையில் விற்கவில்லை. கையில் இருந்தது வழக்கமான கன்ட்ரோலர். அதை வைத்துக்கொண்டு இசை வாசிக்கலாம் என்று சொன்னால், விளையாடிப் பார்க்காதவருக்கு அது புரிந்திருக்காது.

ரெட்ஆக்டேன் வந்த வழி வேறு. காய் ஹுவாங், சார்லஸ் ஹுவாங் என்ற சகோதரர்கள் இணையம் வழியாக வீடியோ கேம் வாடகைக்கு விடும் தொழிலாக அதைத் தொடங்கினார்கள். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் பிரபலமான காலம் அது. காலால் மிதித்து ஆடும் பாய்களுக்குக் கிராக்கி இருப்பதைப் பார்த்து, தாங்களே பாய் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆக, ஒருவரிடம் ஆட்டம் செய்யும் திறமை இருந்தது, மக்கள் கண்ணில் படும் கருவி இல்லை. இன்னொருவரிடம் கருவி செய்யும் தொழில் இருந்தது, அதற்கேற்ற ஆட்டம் இல்லை. ஹார்மோனிக்ஸைத் தேடிப் போனது ரெட்ஆக்டேன்தான். இந்தத் தொடர் பிறந்ததும் வளர்ந்ததும் பின்னால் படுத்ததும் அந்தப் பிளாஸ்டிக் கிட்டார் பெட்டியால்தான் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களிலும் அது அடிக்கடி தலைகாட்டும்.

கிட்டார் வடிவ கன்ட்ரோலரைக் கண்டுபிடித்ததே இவர்கள்தானா?

இல்லை. ஜப்பானின் கோனாமி நிறுவனம் கிட்டார் ஃப்ரீக்ஸ் என்ற ஆர்கேட் ஆட்டத்தை 1999-இலேயே கொண்டுவந்துவிட்டது. அதில் மூன்று பட்டன், ஒரு மீட்டும் நெம்புகோல், கழுத்தைத் தூக்கினால் உணரும் வசதி எல்லாம் இருந்தன. கிட்டார் ஹீரோவின் அடிப்படை இலக்கணம் அங்கிருந்து வந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் மூன்று பட்டன் ஐந்தானதும் ஆட்டமே மாறிவிட்டது. மனிதக் கையில் கட்டைவிரல் போக நான்கு விரல். பட்டன் ஐந்து. அதனால் கடினமான நிலைகளில் கை ஒரே இடத்தில் நிற்க முடியாது, கழுத்தில் மேலும் கீழும் நகர வேண்டும். உண்மையான கிட்டார் வாசிப்பவரின் கை நகர்வதைப் போன்ற உணர்வு இங்கிருந்துதான் வருகிறது. நான்கு பட்டனாக இருந்திருந்தால் விரலுக்கு ஒன்றாக வைத்து முடித்திருப்போம். கடினம் ஏறும் விதமும் இதைச் சார்ந்தது: ஈஸி நிலையில் மூன்று பட்டன், மீடியத்தில் நான்கு, ஹார்டில்தான் ஆரஞ்சு வரும். மீடியத்திலிருந்து ஹார்டுக்குப் போகிற எல்லோரும் சுண்டுவிரலை நொந்துகொள்வதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வித்தியாசம் பாட்டு. அமெரிக்க வீடுகளில் பெரியவர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த ராக் பாடல்களை வைத்தார்கள். வடிவம்கூடக் கற்பனையாக இல்லை. கிப்ஸன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, அதன் புகழ்பெற்ற எஸ்ஜி மாடலைச் சிறியதாக்கிச் செய்தார்கள்.

அந்தப் பிளாஸ்டிக் கிட்டாருக்குள் என்னதான் இருக்கிறது?

திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மின்சுற்றைப் பொறுத்தவரை அது ஒரு சாதாரண கன்ட்ரோலர். ஐந்து வண்ணங்களும் ஐந்து பட்டன்கள். ஸ்ட்ரம் பார் என்பது திசைப் பட்டனின் ‘மேலே’, ‘கீழே’ இரண்டும். கம்பிகள் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வாமி பார் மட்டும் சற்று வேறு. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் பாகம் அதில் உண்டு. நீண்ட நோட் ஒலிக்கும்போது அதை ஆட்டினால் கிட்டாரின் சுருதி நெளியும். சாய்வை அறிய ஒரு உணரி. அவ்வளவுதான்.

ஸ்ட்ரம் பார் ‘க்ளிக்’ என்று சத்தம் போட வேண்டுமா என்பதில் ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சி. கிட்டார் ஹீரோ கிட்டார்கள் க்ளிக் கட்சி. பின்னால் வந்த போட்டி ஆட்டமான ராக் பேண்டின் கிட்டார் சத்தமில்லாத மென்மையான கட்சி. வேகமாக அடிக்கும்போது விரலுக்கு ஒரு பதில் வேண்டும் என்பதால் நான் க்ளிக் பக்கம். பக்கத்து அறையில் தூங்குபவர்கள் மற்ற பக்கம்.

ஒரு பாட்டை ஐந்து பட்டனாக எப்படி மாற்றுகிறார்கள்? கணினி தானாகச் செய்துவிடுமா?

செய்யாது. ஆட்கள் காதால் கேட்டு, ஒவ்வொரு நோட்டாக மிடி கோப்பில் (எந்த ஸ்வரம் எப்போது என்று குறித்துவைக்கும் கோப்பு) வைக்கிறார்கள். இந்த வேலைக்குச் சார்ட் போடுவது என்று பெயர். கிட்டார் ஹீரோவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

சிக்கலைப் பாருங்கள். உண்மையான கிட்டாரில் ஆறு கம்பி, கழுத்தில் ஸ்வர இடங்களைப் பிரிக்கும் ஃப்ரெட் இருபதுக்கு மேல். இங்கே ஐந்து பட்டன். எந்த ஸ்வரத்துக்கு எந்தப் பட்டன் என்று நிரந்தரமாகக் கட்டிப்போட முடியாது. அதனால் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடிக்கிறார்கள். ஸ்வரம் மேலே போனால் ஆரஞ்சை நோக்கி, கீழே வந்தால் பச்சையை நோக்கி. ஒரு ஓட்டம் ஐந்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், கேட்பவருக்கு உறுத்தாத ஓர் இடத்தில் திரும்பப் பச்சையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது சார்ட் போடுபவரின் காது. கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது, வரும் இடத்தில் இரண்டு பட்டன் சேர்த்து, இரண்டாம் பாகத்திலிருந்து மூன்று பட்டன்கூட. ஒரே ரிஃப் (சிறு இசைத் துணுக்கு) திரும்ப வந்தால் அதே பட்டன் வரிசையும் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் கை பொய் சொல்வதாகக் காது கண்டுபிடித்துவிடும்.

பிறகு அதே பாட்டை ஈஸி, மீடியம், ஹார்டு என்று குறைத்துக்கொண்டு வர வேண்டும். மிகக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில் கிட்டத்தட்ட எல்லா நோட்டும் இருக்கும். ஈஸியில் நாலில் ஒன்றுதான் மிஞ்சும் இடமும் உண்டு. எதை எறிந்தாலும் பாட்டின் தாளம் கையில் நிற்க வேண்டும். இதில் நல்ல சார்ட், மோசமான சார்ட் என்ற பேதம் விளையாடுபவருக்கு உடனே தெரியும், ஏன் என்றுதான் சொல்லத் தெரியாது.

ஹார்மோனிக்ஸுக்கு இதில் ஓர் அனுகூலம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் மாலையில் பாஸ்டன் வட்டாரக் குழுக்களில் வாசிப்பவர்கள். முதல் ஆட்டத்தின் போனஸ் பாடல்களில் சில, ஊழியர்களின் சொந்தக் குழுக்களுடையவை. ஃப்ரீஸ்பாப் அவற்றில் ஒன்று. கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்க முடியாத விளம்பரம் அந்தக் குழுக்களுக்குக் கிடைத்தது.

தப்பாக அடித்தால் கிட்டார் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறதே, அது எப்படி?

பாட்டு ஒரே ஒலிக்கோப்பாக இருப்பதில்லை. கிட்டார் தனி, மற்றவை தனி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தவறவிட்டால் கிட்டார் தடத்தின் ஒலி அணைந்துவிடும். தேவையில்லாமல் தட்டினால் ‘டொக்’ என்று ஒரு அபசுரம். அடுத்த நோட்டைச் சரியாக அடித்ததும் கிட்டார் திரும்ப வந்துவிடும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது ஒரு ஒலிக் குமிழை மூடித் திறக்கும் வேலைதான். மனம் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. டிரம்ஸும் குரலும் போய்க்கொண்டே இருக்க, கிட்டார் மட்டும் காணாமல் போகும்போது ‘நான்தான் நிறுத்திவிட்டேன்’ என்று தோன்றுகிறது. அது திரும்பும்போது ‘நான்தான் வாசிக்கிறேன்’ என்றும் தோன்றிவிடுகிறது. திரையில் ஓடும் வண்ணப் பொட்டுகளை எத்தனையோ ஆட்டங்கள் காட்டியிருக்கின்றன. வாசிக்கும் பொறுப்பை ஒப்படைத்தது இந்தச் சின்னத் தந்திரம்.

முதல் ஆட்டத்தில் இருந்தவை அசல் பாடல்கள் இல்லையாமே?

ஆமாம். முக்கியப் பட்டியலில் இருந்த 30 பாடல்களும் வேறு கலைஞர்கள் திரும்ப வாசித்துப் பதிவு செய்தவை. வேவ்குரூப் என்ற ஸ்டூடியோ அவற்றைச் செய்து கொடுத்தது.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு. இயற்றியவரின் உரிமை ஒன்று. குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று, அது பெரும்பாலும் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் இருக்கும். திரும்பப் பதிவு செய்தால் முதலாவது மட்டும் போதும். ரெட்ஆக்டேனிடம் பெரிய பணம் இல்லை. பொம்மைக் கிட்டாரோடு வரும் ஒரு ஆட்டத்துக்கு அசல் ஒலிநாடாவைக் கொடுக்க ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் அப்போது காரணம் இல்லை. இதில் ஒரு வசதியும் கிடைத்தது: புதிதாகப் பதிவு செய்யும்போது கிட்டாரைத் தனித் தடமாகவே எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மூடித் திறக்கும் வேலைக்கு அது கட்டாயம் தேவை. பழைய பாடல்களின் பிரித்த தடங்கள் எப்போதும் கிடைப்பதில்லை.

இரண்டு ஆண்டுக்குள் நிலைமை தலைகீழ். மூன்றாம் பாகத்துக்காக செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தங்கள் பழைய பாட்டைத் திரும்ப ஸ்டூடியோவுக்கு வந்து பதிவு செய்து கொடுத்தது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் புகழ் ஸ்லாஷ் அந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரமாகவே வந்தார். 2008-இல் ஏரோஸ்மித்துக்கென்று தனி ஆட்டம் வந்தது.

சரியாக அடித்தும் ‘தவறு’ என்று வருகிறது. என் கை பிசகா, டிவி பிசகா?

பெரும்பாலும் டிவி. முதல் ஆட்டம் வந்தபோது வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் குழாய் டிவிகள். படம் வந்த கணமே திரையில் தெரியும். தட்டை டிவி படத்தை வாங்கிச் சீர்செய்து காட்டுவதற்குள் சிறிது நேரம் பிடிக்கும். சினிமா பார்ப்பவருக்கு அது தெரியாது. நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அடிக்க வேண்டிய ஆட்டத்தில் அது கழுத்தறுப்பு. இதற்காகத்தான் இந்த வகை ஆட்டங்களில் தாமதத்தைச் சரிசெய்யும் காலிபரேஷன் பக்கம் வந்தது. ஒலி வேறு பெட்டியில் ஓடினால் அதற்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். டிவியில் கேம் மோட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

முதல் ஆட்டத்துக்கு ஆன செலவு?

சுமார் 10 லட்சம் டாலர் என்ற கணக்கே பொதுவாகச் சொல்லப்படுகிறது. வேலை முடிந்தது ஓராண்டுக்கும் குறைவான காலத்தில். கிட்டாரோடு சேர்த்து விலை 70 டாலர். பாதை ஓடிவரும் திரை அமைப்பு ஆம்ப்ளிட்யூடில் ஏற்கெனவே பழகியது என்பதால் நேரம் மிச்சமானது. அவசரம் தெரியும் இடங்களும் உண்டு. பாட்டின் ஒரு பகுதியை மட்டும் மெதுவாகப் பழகிப் பார்க்கும் வசதி முதல் பாகத்தில் இல்லை. ஹேமர்-ஆன், புல்-ஆஃப், அதாவது திரும்பத் தட்டாமல் விரலாலேயே அடுத்த நோட்டைப் பிடிப்பது, முதல் பாகத்தில் எரிச்சலூட்டும் அளவுக்குக் கறாராக இருந்தது. இரண்டும் 2006-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சரியாயின. எனக்குக் கேட்டால் முழுத் தொடரிலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த இரண்டாம் பாகம்தான்.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு ஹார்மோனிக்ஸ் ஏன் விலகியது?

விலகவில்லை, பிரிக்கப்பட்டது என்று சொல்வதே பொருத்தம். 2006-இல் வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் ரெட்ஆக்டேனைச் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியது. ‘கிட்டார் ஹீரோ’ என்ற பெயர் ரெட்ஆக்டேனுடையது, அதனால் பெயரும் கூடவே போயிற்று. அதே ஆண்டு ஊடக நிறுவனமான வயாகாமின் எம்டிவி பிரிவு ஹார்மோனிக்ஸை 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் ஒரு வீட்டில், ஆட்டத்தைச் செய்தவர்கள் எதிர்வீட்டில். இரண்டாம் பாகமும், 2007-இல் 1980-களின் பாடல்களோடு வந்த ஒரு தொகுப்பும் முடிந்தபின் ஹார்மோனிக்ஸ் முழுமூச்சாக ராக் பேண்ட் பக்கம் போனது. அதில் கிட்டாரோடு டிரம்ஸும் மைக்கும் சேர்ந்தன. 2007 நவம்பரில் வெளிவந்தது.

அப்படியானால் மூன்றாம் பாகம்?

டோனி ஹாக் ஸ்கேட்போர்டு ஆட்டங்களைச் செய்த நெவர்சாஃப்ட்டிடம் ஆக்டிவிஷன் கொடுத்தது. 2007 அக்டோபரில் வந்தது. ஹார்மோனிக்ஸின் நிரல் கையில் இல்லாததால் அவர்கள் ஆட்டத்தைப் புதிதாகவே கட்டினார்கள். விற்பனையில் இதுவே உச்சம். ஒரே ஆட்டமாக 100 கோடி டாலருக்கு மேல் விற்றதாக 2009 தொடக்கத்தில் ஆக்டிவிஷன் அறிவித்தது. ட்ராகன்ஃபோர்ஸ் குழுவின் ஏழு நிமிடத்துக்கும் மேற்பட்ட அசுர வேகப் பாட்டு இதில்தான் போனஸாக இருந்தது. அதை எக்ஸ்பர்ட்டில் முடித்துக் காட்டும் வீடியோக்கள் அன்றைய யூடியூபில் தனி வகையாகவே வளர்ந்தன.

நோட் பிடிக்கும் விஷயத்தில் நெவர்சாஃப்ட் தாராளம், சார்ட் போடுவதில் முரடு. கிட்டார் வாசிக்காத இடத்திலும் நோட்களைத் திணித்து ‘கடினம்’ காட்டினார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. அது நியாயமான குறை.

கிப்ஸன் வழக்குப் போட்டதாகச் சொல்கிறார்களே?

கிட்டாரின் வடிவத்துக்கு உரிமம் கொடுத்த அதே கிப்ஸன்தான். மேடைக் கச்சேரியில் வாசிப்பது போன்ற அனுபவத்தைத் தரும் கருவி அமைப்புக்குத் தன்னிடம் 1999-இல் கிடைத்த காப்புரிமை இருப்பதாக 2008-இல் சொன்னது. ஆக்டிவிஷன் நீதிமன்றம் போய், 2009-இல் சாதகமான தீர்ப்பு வாங்கியது. கோனாமியும் தன் பங்குக்கு 2008-இல் ராக் பேண்ட் தரப்பின்மீது வழக்குத் தொடுத்தது.

பிறகு ஏன் சரிந்தது?

எல்லோரும் சொல்லும் காரணம், ஆக்டிவிஷன் ஆட்டங்களை அளவுக்கு மீறி இறக்கியது. உண்மைதான். 2009 என்ற ஒரே ஆண்டில் மெட்டாலிகா தொகுப்பு, ஸ்மாஷ் ஹிட்ஸ், ஐந்தாம் பாகம், பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோ, வான் ஹாலன் தொகுப்பு எல்லாம் கடைக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஹார்மோனிக்ஸின் பீட்டில்ஸ் ஆட்டமும் வந்தது. இவ்வளவையும் வாங்கி விளையாட யாருக்கு நேரம்?

ஆனால் அதைவிட நேரடியான காரணம் பெட்டி. 2008-இல் டிரம்ஸ், மைக் எல்லாம் சேர்ந்த வேர்ல்டு டூர் தொகுப்பின் விலை 190 டாலர். அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலை பறிபோய்க்கொண்டிருந்த நேரம். ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறை வட்டு மட்டும் வாங்குவார். வட்டுக்குக் கிடைப்பது கிட்டாருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த பணம். கிட்டாரை விற்றுப் பழகிய வணிகத்துக்கு, எல்லோரிடமும் கிட்டார் வந்துவிட்டதே நோய். வீட்டு மூலையில் டிரம்ஸ் தட்டுகள் காலை இடிக்கின்றன. கடைக்காரருக்கோ கிடங்கில் இடமில்லை. ஒரு கம்பெனியின் கிட்டார் இன்னொரு கம்பெனியின் ஆட்டத்தில் வேலை செய்யாத சச்சரவு வேறு. பிளேஸ்டேஷன் 3-இல் இதற்கான திருத்தம் தயாராக இருந்தும் ஆக்டிவிஷன் தடுத்ததாக 2007 இறுதியில் ஹார்மோனிக்ஸ் சொன்னது.

2010 இறுதியில் வயாகாம் ஹார்மோனிக்ஸை விற்றுக் கைகழுவியது. 2011 பிப்ரவரியில் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடுவதாக ஆக்டிவிஷன் அறிவித்தது.

2015-இல் திரும்ப வந்ததே?

கிட்டார் ஹீரோ லைவ். பட்டன் ஆறு, மூன்று மூன்றாக இரண்டு வரிசை. யோசனை நல்லது, விரலுக்கு உண்மையிலேயே புதிய வேலை. ஆனால் பழைய கிட்டார் எதுவும் அதில் செல்லாது, மறுபடி புதுப் பெட்டி வாங்க வேண்டும். வட்டில் 42 பாடல்கள்தான். மிச்சம் நூற்றுக்கணக்கான பாடல்கள் இணையத்தில் ஓடும் அலைவரிசையில் இருந்தன. 2018 டிசம்பரில் சர்வரை நிறுத்தினார்கள், அத்தனையும் போயிற்று.

இதை விளையாடினால் கிட்டார் வாசிக்க வருமா?

வராது. இடது கையும் வலது கையும் வெவ்வேறு வேலையை ஒரே தாளத்தில் செய்யப் பழகும், அதுவரைக்கும் லாபம். ராக் பேண்ட் 3 (2010) மட்டும் நிஜக் கம்பிகளோடு ஒரு ஃபெண்டர் கிட்டாரை இணைத்து உண்மையாகவே கற்றுக்கொடுக்கப் பார்த்தது. பெரிதாக ஓடவில்லை.

இன்று விளையாட வழி உண்டா?

உண்டு, முன்பைவிட நன்றாகவே. ரசிகர்கள் செய்து இலவசமாக வெளியிட்ட க்ளோன் ஹீரோ கணினியில் ஓடுகிறது. சார்ட்களையும் ரசிகர்களே போடுகிறார்கள், நீங்களும் போடலாம். ஹார்மோனிக்ஸை 2021-இல் எபிக் கேம்ஸ் வாங்கியது. 2023 டிசம்பரில் எபிக்கின் ஃபோர்ட்நைட் ஆட்டத்துக்குள் ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல் என்ற இசை ஆட்டம் வந்தது, அடுத்த ஆண்டு அதில் கிட்டார் கன்ட்ரோலர்களும் செல்லுபடியாயின. பிடிபி நிறுவனம் ரிஃப்மாஸ்டர் என்ற புதுக் கிட்டாரை 2024-இல் விற்பனைக்கு இறக்கியது.

பழைய கிட்டாரை யாரிடமாவது வாங்குவதானால் என்ன பார்க்க வேண்டும்?

பிளேஸ்டேஷனுக்கான வயர்லெஸ் கிட்டார் என்றால், கூடவே வந்த ரிசீவர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது தொலைந்திருந்தால் கிட்டார் வெறும் அலங்காரம். எக்ஸ்பாக்ஸ் 360-இன் வயர்லெஸ் கிட்டாரைக் கணினியில் ஓட்டத் தனி ரிசீவர் தேவை. நின்டெண்டோ வீ கருவிக்கான கிட்டாருக்குள் அதன் ரிமோட்டைச் செருகினால்தான் உயிர் வரும். மூன்றாம் பாகத்தோடு வந்த லெஸ் பால் மாடலில் கழுத்து கழன்று வரும். இணையும் இடத்தில் தொடர்பு விட்டுப்போவது பிரசித்தமான நோய், ஐந்து பட்டனையும் அழுத்திக்கொண்டு கழுத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஸ்ட்ரம் பாரை இரு பக்கமும் வேகமாகத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டாகப் பதிவானால் உள்ளே சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கணினிக்கு மட்டும் வேண்டும் என்றால் இரண்டாம் பாகத்தோடு எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த வெள்ளை எக்ஸ்ப்ளோரர் கிட்டாரைத் தேடுங்கள். அது கம்பியுள்ளது, யுஎஸ்பியில் செருகினால் ஓடும்.